செட் நமத்துப் போவதற்குள்

'கிளை எண் பதினேழு' செத்து மூன்று வருடம் ஆகிறது
என்றான் நூருல்லா,
வாயில் பாதித் தட்டுவடையோடு.

வியாழன் இரவு ஒன்பதே கால்.
அம்மாப்பேட்டை மெயின் ரோட்டில்
தில்லையக்காவின் தள்ளுவண்டி.
பதினோரு வருடமாக ஓடும் தொடருக்குப்
பதினோரு வருடமாக
இங்கேதான் பிரேதப் பரிசோதனை.

பேனாவைக் கயிற்றில் கட்டிவைத்த எபிசோடு
ஞாபகம் இருக்கா என்றாள் குணசுந்தரி.
ஒரு கூட்டுறவு வங்கி, ஒரு பேனா, ஒரு கயிறு.
இருபத்திரண்டு நிமிஷம் வயிறு வலித்தது.
இப்போ துபாய் போகிறார்கள்.
நகைக்கடன் கொடுக்கிற கிளைக்குத்
துபாயில் என்ன ஜோலி?

பிரதாபன் மட்டும் விடமாட்டான்.
கேஷியர் அமலோற்பவம் ரிட்டையர் ஆனாளே,
கடைசியாக ஒருமுறை விரலை நனைத்து
நோட்டு எண்ணினாளே,
அழுதுட்டேன்டா நான்.

சிரிப்புத் தொடரில் நீ அழுதிருக்கிறாய்,
நான் சொன்னதற்கு
இதைவிட சாட்சி வேண்டாம் என்றான் நூருல்லா.

சரிவு எங்கே தொடங்கியது?
பியூன் சாந்தப்பன் போனபோது என்றான் அவன்.
இல்லை, கிளைக்கு ஏசி வந்தபோது
என்றாள் குணசுந்தரி.
கடக் கடக் என்று தலைக்கு மேல் ஆடி
எந்நேரமும் மேனேஜர் மேல் விழப்போகிற
அந்த மின்விசிறிதான் ஹீரோ.
ஆறு வருடம் விழாமலே சிரிக்கவைத்தது.
கழற்றி எடுத்த பாவி எவனோ.

என்னிடம் கேட்டார்கள்.
நான் மின்வாரியத்தில் கணக்கீட்டாளன்.
பகலில் மறு ஒளிபரப்பு ஓடும் நேரம்
குகையிலும் பொன்னம்மாபேட்டையிலும்
வீடு வீடாக மணி அடிப்பவன்.
பழைய எபிசோடு ஓடுகிற வீட்டில்
மூன்றாவது மணிக்குத்தான் கதவு திறக்கும்,
திறப்பவர் முகம் பாதி டிவியிலேயே இருக்கும்.
புதியது என்றால்
முதல் மணிக்கே வந்துவிடுகிறார்கள்,
தண்ணீர் வேணுமா தம்பி என்று வேறு கேட்கிறார்கள்.

இதற்குப் பிரதாபனிடம் பதில் இல்லை.
காரச் சட்னியை விரலால் வழித்தான்.

தில்லையக்கா பீட்ரூட் துருவிக்கொண்டிருந்தாள்.
ஒரு எபிசோடும் பார்த்ததில்லை,
அது ஓடும் நேரம் அவளுக்கு வியாபாரம்.
மேனேஜருக்கு வெற்றிலை பிடிக்காது என்பதும்
லாக்கர் சாவி எந்த டிபன் டப்பாவில் என்பதும்
எங்கள் வாய் வழியாக அவளுக்குத் தெரியும்.

முன்னெல்லாம் நல்லா இருந்துச்சு என்றாள்.

என்னக்கா, தொடரா?

நீங்கதான்.
முன்னெல்லாம் நீங்க சண்டை போட்டா
ரோட்டுக்கு அந்தாண்ட இருந்து ஆள் வரும்.
இந்த நூருலு ஒருதரம் செருப்பைக் கழட்டுனான்.
குணா அந்த மேனேஜராட்டமே மூக்கால பேசும்,
எனக்குக் கை நடுங்கி
மூணு செட்டுல உப்பு போடாம குடுத்தேன்.
இப்ப போன வருசம் சொன்னதையே சொல்றீங்க.
நடுவுல போனைப் பாக்குறீங்க.
அப்பல்லாம் பேச்சுல செட்டு நமத்துப் போவும்,
இப்ப மொறுமொறுன்னு தின்னு முடிச்சிடுறீங்க.

தட்டுகளைப் பார்த்தோம்.
காலி.

தூரத்தில் ஏற்காட்டு மலைமேல்
ஏதோ ஒரு வண்டி விளக்கு
ஒரு கொண்டை ஊசி வளைவில் மறைந்து
கொஞ்சம் கீழே மறுபடி தெரிந்தது.

அப்புறம் ஏங்கா இன்னும் கேட்கிறீங்க
என்றான் பிரதாபன்,
விசுவாசிகளுக்கே உரிய கவலையோடு.

வியாழக்கெழமை ஆச்சேப்பா
என்று அடுத்த தட்டுவடைக்குப்
பச்சைச் சட்னி தடவினாள்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
நூருல்லாதான் குனிந்து
மெதுவாகச் சொன்னான்:
போன தீபாவளிக்கு அக்கா
இதைவிட நல்லாத் திட்டுனாங்க.

சும்மா இரு, இதுதான் பெஸ்ட் என்றான் பிரதாபன்.
குணசுந்தரி போனைப் பைக்குள் போட்டாள்.
நான் இன்னும் நாலு செட் சொன்னேன்.